எதிலும் கை வைக்காதவன்

கண்புரை ஆபரேஷன் முடிந்து திரும்பும்போதே சபதம் செய்துவிட்டேன்: பதினைந்து நாளைக்கு ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடுவதில்லை! அந்த வரத்தை டாக்டரே வாய் திறந்து கொடுத்திருந்தார்.

“கண்ணுல கை வைக்காதீங்க. கையிலதான் கிருமி. உள்ள போச்சுன்னா பார்வைக்கே ஆபத்து.”

மனைவி அப்போது மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தாள். நானோ ‘கண்ணுல’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் வழியில் தொலைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

“ஏம்மா, நான் கை வைக்கக் கூடாதாம்.”

“எதுல?”

“எதுலயும்! காய்கறிப் பையில கிருமி. துணியில கிருமி. பாத்திரத்துல கேக்கவே வேணாம், குடும்பத்தோட இருக்கு.”

“அடப்பாவமே! நீங்க உக்காருங்க.”

உட்கார்ந்தேன். முப்பது வருஷத்தில் அவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்ட முதல் விஷயம்! சோபாவில் கறுப்புக் கண்ணாடியோடு ராஜா மாதிரி சாய்ந்திருப்பேன். அவள் கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வந்து, வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுவாள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“எனக்கெல்லாம் எப்ப சார் புரை விழும்?”

மூன்றாம் நாள் ஃபைனல் மேட்ச். ரிமோட்டை எடுக்கப்போனேன்.

“ஐயையோ! கை வைக்காதீங்க!” பாய்ந்து வந்து பிடுங்கினாள். “எத்தனை பேர் கை பட்டதோ! கிருமி!”

“சரி, செல்போனைக் குடு.”

“கிருமிக்குத் தாய்வீடே அதுதாங்க.”

பிஸ்கட் டப்பாவும் பரணுக்குப் போனது. ஆட்டம் தொடங்கப் பத்து நிமிஷம். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

“இதோ பாரும்மா, கையைக் கழுவிட்டா போதும்!”

“கிருமி போயிடுமா?”

“சுத்தமா போயிடும்! டாக்டரே சொன்னார்!”

“எதைத் தொட்டிருந்தாலும்?”

“எதைத் தொட்டிருந்தாலும்! கண்ணுல மட்டும் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்!”

தொலைத்த வார்த்தை என் வாயிலிருந்தே விழுந்துவிட்டது. அவள் அதை லபக்கென்று பிடித்துக்கொண்டாள்.

“முதல் நாளே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேங்க. தூசி, புகை, பாரம் தூக்குறதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க உக்காந்த இடத்துலயே இதை முடிச்சிருங்க.”

துவைத்துக் காய்ந்த துணி மலையாக மடியில் விழுந்தது. உச்சியில் ரிமோட்!

ஆபரேஷன் அமோக வெற்றி. மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்று தெரியாது. ஆனால் தலையணை உறையில் ஒரு சுருக்கம்கூட என் கண்ணுக்குத் தப்பவில்லை.