டோனிகாலுக்குப் போகாத விதைக்கிழங்கு

பிரெக்கின் அருகே,
ஆங்கஸ், ஸ்காட்லாந்து
12 மார்ச் 2022

அன்புள்ள மைத்துனர் யூனன் மெகின்லி அவர்களுக்கு,

டுகல்ட் ரென்னி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா க்ரான்யாவும் நலம், அவளுடைய முழங்காலையும் என்னுடைய மானத்தையும் தவிர. அங்கே அயர்லாந்தில் நீயும் உன் ஆடுகளும் டோனிகால் மழையில் குறையில்லாமல் நனைந்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். 'அவர்களுக்கு' என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பதறாதே மச்சான். மன்னிப்புக் கேட்கிற கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

போன வாரம் நீ தொலைபேசியில், ஏதோ திருடிவிட்டு ஒப்புக்கொள்கிறவன் மாதிரிக் குரலைத் தாழ்த்தி, "அத்தான், தப்பா நெனைக்காதீங்க, இந்த வருஷம் நெதர்லாந்துக் கிழங்குக்குச் சொல்லிட்டேன்" என்றாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தாறு வருடமாக மார்ச் பிறந்தால் லாரியில் என் விதைக்கிழங்கை ஏற்றிக்கொண்டு, கப்பலில் பெல்ஃபாஸ்ட் இறங்கி, உன் வாசல் வரை ஓட்டி வந்து, ஒரு வாரம் உன்னோடு சேர்ந்து நட்டுவிட்டுத் திரும்புகிறவன் நான். போன வருட நடவுக்கானதை அதற்கு முந்தைய டிசம்பரிலேயே, நாங்கள் வெளியேறி ஐரோப்பிய ஒன்றியத்தின் கதவு எங்களுக்குச் சாத்தப்படுவதற்குள் அனுப்பிவிட்டதால் வலி தெரியவில்லை. தடை என்று பேப்பரில் போட்டிருந்தான்தான். பேப்பர்காரன் கிடக்கிறான், உருளைக்கிழங்கை எவன் தடுப்பான் என்று நினைத்து, போன மாதம் உனக்குச் சொல்லாமலே லாரியைக் கிளப்பினேன்.

துறைமுகத்தில் காகிதம் பார்க்கிற பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். மரியாதையான பெண். எல்லாத் தாளையும் பொறுமையாகப் படித்தாள்.

"ஐயா, இது கப்பல் ஏறாது. விதைக்கிழங்கு அந்தப் பக்கம் வெளிநாட்டுச் சரக்கு. தடை இருக்கு."

"ஏம்மா, அதே நெலம், அதே கெழங்கு, நோய் ஒண்ணும் இல்லைன்னு அதே ஆள் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கார். கெழங்குல என்ன மாறிப்போச்சு?"

"கெழங்கு மாறல ஐயா. நாமதான் மாறிட்டோம்."

சரி, சட்டத்தில் என்னதான் மாறியது என்று கேட்டேன். இன்றைக்கு இரண்டு பக்கமும் ஒரே விதிதானாம். ஆனால் நாளைக்கும் அப்படியே இருக்கும், அவர்கள் மாற்றினால் நாமும் மாற்றுவோம் என்று எழுதிக் கொடுத்தால்தான் அவர்கள் யோசிப்பார்களாம். எங்கள் அரசு கொடுக்காதாம். "நம்ம சட்டத்த நாமதான் எழுதணும்னு ஓட்டுப் போட்டோமே ஐயா" என்றாள். அவள் போட்டிருக்க மாட்டாள், நான் போட்டேன். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அந்த அவசரத்தில் அங்கேயே லாரியைத் திருப்ப முயன்று, துறைமுகத்துக் கம்பம் ஒன்றைச் சாய்த்துவிட்டு, அதற்கும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு வந்தேன்.

வாசலில் க்ரான்யா. லாரியை எட்டிப் பார்த்தாள். "என்ன டுகல்ட், சுதந்திரம் கனமா இருக்கா?" அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் மூன்று நாளும் உருளைக்கிழங்கு மட்டும்தான் சமைத்தாள்.

அப்புறம் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கிழங்கைப் பற்றி எழுதினேன். மீனவர்கள் மீது அவருக்குள்ள அக்கறையை விளக்கி இரண்டு பக்கம் பதில் வந்தது. கடைசியாக நான் செய்ததை நீ யாரிடமும் சொல்லாதே. க்ரான்யா உனக்குப் பின்னிய கம்பளிக் காலுறைக்குள் நல்லதாக ஆறு கிழங்கைத் திணித்து, பொட்டலம் கட்டி, தபால் நிலையத்துக்கு எடுத்துப்போனேன். இப்போது உனக்கு ஒரு காலுறை அனுப்பவும் சுங்கப் படிவம் வேண்டும். தபால் நிலையத்து மோராக் எழுதிக்கொண்டே கேட்டாள்.

"உள்ளே என்ன?"

"சாக்ஸ்."

"கம்பளி எந்த நாட்டுது?"

"செம்மறியாட்டுது."

பொட்டலத்தை அமுக்கிப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்கிற மாதிரி, "டுகல்ட், இதுக்குள்ள கால் இருக்கு" என்றாள். அந்த இடத்தில் என் பாட்டன் காலத்து மரியாதையும் போயிற்று. பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? இனி சிரிக்க ஒன்றும் இல்லை. 2017 மார்ச்சில், உன் வயலில், வரப்பில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது நீ கேட்டாய்: "நீங்களும் ஒன்றியத்த விட்டு வெளியேறணும்னுதான் ஓட்டுப் போட்டீங்களா அத்தான்? அப்ப நம்ம கெழங்கு?" நான் சிரித்தேன். "போடா, கெழங்குக்கு எல்லை தெரியுமா" என்றேன். நீ ஆடுகளைப் பார்க்க எழுந்து போனாய். ஆடுகள் எங்கேயும் போயிருக்கவில்லை. உன் முகத்தைப் பார்க்காதவன் மாதிரி நான் தேநீரைக் குடித்து முடித்தேன். பிரஸ்ஸல்ஸில் ஒன்றிய அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என் நிலத்தைப் பற்றி என்ன தெரியும் என்ற கோபத்தில் போட்ட ஓட்டு அது. உன் நிலத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நினைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வியாபாரம் போனது போகட்டும், இங்கேயே வாங்க ஆள் இருக்கிறது. ஆனால் நம் இரண்டு பேருக்கும் சும்மா பார்க்கப் போகத் தெரியாது. கிழங்கு இருந்ததால் வந்தேன். எதைச் சாக்கு வைத்து இனி வருவேன்? ஆகவே இந்த வருடம் என்னை எதிர்பார்க்காதே. எந்த முகத்தோடு வந்து நிற்பது? நெதர்லாந்துக் கிழங்கு நன்றாக விளையட்டும். பிள்ளைகளுக்கு என் அன்பு. உன் முதுகு வலி குறைந்து, மழை விட்ட நாளாகப் பார்த்து நடவு அமைய வேண்டிக்கொள்ளும்,

உன் அத்தான்,
டுகல்ட்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். "அட மடையா, தடை கெழங்குக்குத்தானே? உனக்கு யாரு தடை போட்டா? ஆளு போய் வர இன்னும் பாஸ்போர்ட்கூட வேண்டாமே!" என்கிறாள். அடுத்த சனிக்கிழமைக் கப்பலுக்கு அவளே சீட்டு எடுத்துவிட்டாளாம், எனக்கும் சேர்த்து. மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே, 2017 பற்றிய பகுதியைத் தவிர. அதை உன் எதிரில் சொல்ல எனக்குத் தைரியம் வராது, ஆகவே நாங்கள் வந்து இறங்குவதற்குள் படித்துவிடு. நெதர்லாந்துக்காரனின் கிழங்கை நானே நடுகிறேன்.