வால்தம்ஸ்டோ ஓக் சாமி

புகைபோக்கிக்குள்ளிருந்து தேவாரம் கேட்டது. வால்தம்ஸ்டோ வீட்டின் மாடியறைக் கட்டிலில் குகதாசன் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டார். இரவெல்லாம் பெற்றோல் நிலையத்தில் நின்றுவிட்டு வந்தவர். போன வாரம் கல்லாவிலேயே தூங்கிவிட்டார். இன்னொருமுறை தூங்கினால் வேலை இல்லையென்று மனேஜர் சொல்லியிருந்தான்.

கீழே முன்னறையில், கணப்படுப்புக்கு மேலே, பழைய ஆங்கிலேய ஓக் மரச் சட்டம் ஒன்று கூரைவரை நின்றது. வீட்டோடு வந்தது. அதன் நடுவில், செதுக்கிய இலைகளுக்குள்ளிருந்து விழி பிதுங்கப் பார்க்கும் ஒரு முகம். கோயில் திருவாசி உச்சியில் இருக்கும் யாளிமுகம் மாதிரியே இருக்கிறதென்று அவர் மனைவி சந்திரவதனா அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். மார்கழிக் குளிரில் சாமி விறைக்கக் கூடாதென்று கீழே கரியும் மூட்டினாள்.

பக்கத்து வீட்டுக் கமலாம்பிகை கும்பிட்ட வாரமே அவள் மகனுக்கு விசா கிடைத்தது. அதன்பிறகு செவ்வாய், வெள்ளிகளில் தெருவிலுள்ள தமிழ்ப் பெண்கள் எல்லோரும் அந்த அறையில்தான்.

குகதாசன் இடுப்பில் கட்டிய சாரத்தோடு இறங்கி வந்தார்.

"அக்கா, இது சாமியில்லை. வெள்ளைக்காரன் செதுக்கின பூதம்."

"பூதமோ?" கமலாம்பிகை யோசித்தாள். "அப்ப கண்ணூறுக்கு நல்லது."

அடுத்த வெள்ளிக்கிழமை குழந்தைகளையும் கொண்டுவந்தார்கள். தேவாரத்தோடு அழுகையும் புகைபோக்கியில் ஏறியது.

முகம் தெரிந்தால்தானே கும்பிடுவார்கள் என்று பழைய கட்டில் விரிப்பை அதன்மேல் ஆணியடித்துத் தொங்கவிட்டார். பெண்கள் பயபக்தியோடு உட்கார்ந்தார்கள். ஒருத்தி கைமணி கொண்டுவந்திருந்தாள்.

"திரை எப்ப விலகும், தம்பி?"

"விலகாது."

"அவசரமில்லை. விலகுமட்டும் இருக்கிறம்."

முன்பெல்லாம் மத்தியானத்தோடு போய்விடுவார்கள். அன்று பொழுதுபட்டும் போகவில்லை.

இரவு வேலையில் குகதாசன் நின்றபடியே தூங்கினார். நல்லவேளை, டீசல் அடிக்க வந்த லொறிக்காரன்தான் எழுப்பினான், மனேஜர் பார்க்கவில்லை.

விடிந்ததும் பழம்பொருள் வியாபாரி ஒருவனைக் கூப்பிட்டார். அவன் இலைகளைத் தடவிப் பார்த்து, விக்டோரியா காலத்து வேலைப்பாடு என்றான். ஆட்கள் சட்டத்தைக் கழற்றி, வாசலில் நின்ற சாமான் ஏற்றும் வானுக்குச் சுமந்தார்கள்.

"சாமியைப் போய் வானில ஏத்திறியளே," என்றாள் சந்திரவதனா.

"நான் பஸ்ஸிலைதான் போறன். அவருக்கு வான் வந்திருக்கு. என்ன குறை?"

அவள் இரண்டு நாள் பேசவில்லை. அந்த அமைதியில் இன்னும் நன்றாகத் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை வாசல்மணி அடித்தது. பெண்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்திருந்தார்கள், தேத்தண்ணிப் பிளாஸ்க்குகளோடு. குகதாசன் தானே கதவைத் திறந்து, வெளிறிப்போன சுவரைக் காட்டினார்.

"பாருங்கோ அக்கா. சாமி போயிட்டார். இனி இஞ்சை கும்பிட ஒண்டுமில்லை."

ஒருத்தி முகமும் வாடவில்லை. நாற்காலிகளை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார்கள். கமலாம்பிகை கையுறைகளைக் கழற்றி, சந்திரவதனா வழக்கம்போல மூட்டி எரிகிற கரிக்கு நேரே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாள்.

"நல்லதாப் போச்சு, தம்பி. சும்மா வந்து குளிர்காய வெக்கமாக் கிடந்ததாலைதான் இவ்வளவு நாளும் தேவாரம் படிச்சனாங்கள். இனிச் செவ்வாய் வெள்ளி பாராமல் ஒவ்வொரு நாளும் வரலாம்."