பொம்மைக்குக் காதுகுத்து

ஒரு காட்டில் மாசிலாமணி என்றொரு கரடி இருந்தது. மரமேறித் தேன் எடுக்கும், மகள் மதுமிதாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடும், மற்றபடி யார் வம்புக்கும் போகாது. அது பொறுக்காமலோ என்னவோ, அந்தக் காட்டில் ஒரு நரி பொம்மைக் கம்பெனி ஆரம்பித்தது.

கம்பெனிக்குப் பெயர் 'குட்டிக் குடும்பம்'. பொம்மைகளை முட்டை மாதிரி டப்பாவில் போட்டு ஒட்டி விற்றார்கள். உள்ளே யார் இருக்கிறார் என்று வாங்கி உடைத்தால்தான் தெரியும். மதுமிதாவுக்கு முதல் முட்டையிலேயே பாப்பா பொம்மை கிடைத்துவிட்டது. தொல்லை விட்டது என்று நினைத்துக்கொண்டது கரடி. பாவம், அதற்கு நரியைப் பற்றி என்ன தெரியும்?

மறுவாரம் மரத்துக்கு மரம் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள்: 'உங்கள் பாப்பாவுக்குக் காது குத்தியாச்சா?'

காது குத்த வேண்டுமென்றால் தாய்மாமன் மடி வேண்டும். தாய்மாமன் பொம்மையோ ஏதோ ஒரு முட்டைக்குள் இருந்தது. கரடி வாங்கிய முட்டைகளில் சித்தப்பா வந்தார், பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், ஒன்றுவிட்ட அத்தை மூன்று தடவை வந்தாள். மாமன் மட்டும் வரவே இல்லை. வகுப்பில் மற்ற பொம்மைகளுக்கெல்லாம் காது குத்தி, விருந்து போட்டு, சம்பந்தம் பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள். மாமன் இல்லாத வீட்டோடு சம்பந்தம் கிடையாது என்று அணில் குட்டி மதுமிதாவை விளையாட்டிலிருந்தே தள்ளிவைத்துவிட்டது.

சித்தப்பா மடியில் உட்காரவைத்துக் குத்திவிடலாமே என்று கரடி கேட்டுப் பார்த்தது.

"அது முறை இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, மதுமிதா சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டது.

பெற்ற மனம் பொறுக்கவில்லை. கரடி நேரே கம்பெனிக்குப் போனது. டோக்கன் வாங்கி வரிசையில் நின்றது. புகார்ப் படிவம் கொடுத்தார்கள். அதில் 'நன்று', 'மிக நன்று' என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. கீழே பொடி எழுத்தில் ஏதேதோ அச்சடித்திருந்த இடத்தில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். கரடி படிக்காமல் வைத்தது. அப்புறம் மேஜை மேல் ஏறி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, நரியைப் பார்த்துக் கத்தியது.

"பச்சப் புள்ளைங்களை அழவெச்சு வயிறு வளக்குறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

நரி பணிவாகக் கேட்டுக்கொண்டது. தண்ணீர் கொடுத்தது. "கையை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க சார்" என்றது. இருந்த ஆத்திரத்தில் கரடியும் தூக்கியது. பக்கத்தில் ஒரு குரங்கு செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்ததை அது கவனிக்கவில்லை. நரி பயந்துவிட்டது என்ற நிறைவோடு வீட்டுக்கு வந்தது.

அடுத்த மாதம் புதுப் பொம்மை இறங்கியது. பெயர் 'கோபக்கார அப்பா'. தூக்கிய கை, திறந்த வாய், அசல் மாசிலாமணி. வயிற்றை அழுத்தினால் 'உனக்கு வெக்கமா இல்ல?' என்று கேட்கும். ஆயிரம் முட்டைக்கு ஒன்றில்தான் இருக்கும் என்றார்கள். காடே பைத்தியம் பிடித்து அலைந்தது. தாய்மாமன்கள் குப்பையில் கிடந்தார்கள்.

மதுமிதா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தது.

"அணில் வீட்டுல நீ இருக்க. முயல் வீட்டுல ரெண்டு நீ இருக்க. நம்ம வீட்டுல மட்டும்தான்ப்பா நீ இல்ல."

நான்தான் இங்கேயே இருக்கிறேனே என்றது கரடி. மகள் அதன் வயிற்றை அழுத்திப் பார்த்தது. சத்தம் எதுவும் வரவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் கம்பெனி வாசலில் நீண்ட வரிசை. அதில் மாசிலாமணியும் நின்றது. எந்தப் பொம்மைக்காக நிற்கிறீர்கள் என்று பின்னால் நின்ற யானை விசாரித்தது.

"எனக்காகத்தான்" என்றது கரடி.

நீதி: கோபம் வந்தால் வீட்டுக்குள்ளேயே கத்திக்கொள்ளுங்கள். கடையில் போய்க் கத்தினால், பிறகு அதையும் நீங்களேதான் வரிசையில் நின்று வாங்க வேண்டியிருக்கும்.