மாமனாருக்குப் போட்ட கட்டு

மந்திரம் போடுவதற்கும் சட்டதிட்டம் உண்டு என்றால் யாரும் நம்புவதில்லை. நான் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தவள். வந்த வம்பு முழுக்க அதனால்தான்.

தஞ்சாவூரில் என்னோடு கல்லூரியில் படித்த செந்தில், சென்னைக்கு வேலைக்குப் போன இடத்தில் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்தான். ராஜா, வீரன், சூனியக்காரி, மருத்துவச்சி என்று வேடம் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அந்த ஆளாகவே நடமாட வேண்டும். (எல்லோரும் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிற வயதில் இருந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) இடம், பட்டுக்கோட்டைப் பக்கம் அவன் சித்தப்பாவின் தென்னந்தோப்பு. நடுவர் அவன். சூனியக்காரி நான்.

மந்திரம் போடுகிறவர் நின்ற இடத்தில் நின்று வலது கையைத் தூக்க வேண்டும். தூய தமிழில், தோப்புக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும். சிரித்தால் செல்லாது. சொல்லி முடித்ததும் ஒரு துணி முடிச்சை எறிய வேண்டும். அது யார்மேல் படுகிறதோ அவர் சிலையாக நின்றுவிட வேண்டும். இதற்குப் பெயர் கட்டு. போட்டவரே எடுக்க முடியாது. மருத்துவச்சி வந்து தண்ணீர் தெளித்தால்தான் விடுதலை.

மற்றவர்கள் முடிச்சுக்குள் உமி வைத்தார்கள். நான் சிவப்புத் துணியில் மஞ்சள் தூள் வைத்தேன். எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது.

மத்தியானம், மரத்துக்குப் பின்னால் வெள்ளை வேட்டி ஒன்று அசைந்தது. எதிரி நாட்டுக்காரர்களுக்கு வெள்ளைதான் உடுப்பு. முகமெல்லாம் மையும் கறுப்புப் போர்வையுமாக நான் கையைத் தூக்கினேன்.

"மண்ணே பற்று! மரமே பற்று! எதிர்ப்பட்டவன் கல்லாய் நிற்க!"

என் வாழ்நாளில் எதையும் குறி பார்த்து எறிந்தவளில்லை. அன்று நெஞ்சிலேயே பட்டது.

"கட்டு விழுந்துடுச்சு! அசையக் கூடாது!" என்று தூரத்திலிருந்து செந்தில் கத்தினான்.

கிட்டே போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை முழுக்க மஞ்சளோடு, காய்க்கு விலை பேச வந்த தேங்காய் வியாபாரி. அடுத்த வாரம் எனக்கு நிச்சயம் ஆகவிருந்த மாப்பிள்ளையின் அப்பா.

"மாமா..." என்றேன்.

என் மை முகத்தை உற்றுப் பார்த்தார். "தேன்மொழியா? என் மேல உனக்கு என்னம்மா கோவம்? பையனப் பிடிக்கலன்னா வாயால சொல்லியிருக்கலாமே."

"ஐயோ, இது விளையாட்டுங்க மாமா! நீங்க தாராளமா நகரலாம்."

அவர் நகரவில்லை. செந்தில் ஓடி வந்தான். "பயப்படாதீங்கய்யா, ஒண்ணும் ஆகாது."

"பயமெல்லாம் இல்ல தம்பி. எனக்கு இதுல நம்பிக்கையே கிடையாது. இருந்தாலும் எதுக்கு வம்பு? போட்டத எடுத்துடச் சொல்லுங்க."

வாய்க்கு வந்ததைச் சொல்லி முடித்துவிடலாம் என்று கையைத் தூக்கினேன். செந்திலுக்குப் பொய் வராது.

"இவங்க எடுத்தா செல்லாதுங்கய்யா. மருத்துவச்சிதான் வரணும்."

"அப்ப வரச் சொல்லுங்க."

மருத்துவச்சி மேரி, எங்களுக்குப் பரோட்டா வாங்கப் பட்டுக்கோட்டைக்குப் போயிருந்தாள். அவர் தலைக்கு நேர் மேலே முற்றிய குலை ஒன்று தொங்கியது. "கொஞ்சம் தள்ளியாவது நில்லுங்க மாமா, காய் விழும்" என்று கெஞ்சினேன். "அசையக் கூடாதுன்னு தம்பி சொல்லிட்டாரே" என்றார். செந்திலின் சித்தப்பா அங்கேயே வந்து விலை பேசினார். சிலை, சொன்ன விலைக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

கல்யாணமே போச்சு என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. மை கரைந்து கழுத்து வரை ஓடியது. அதைப் பார்த்ததும்தான் அவர் உண்மையிலேயே பயந்தார் என்று நினைக்கிறேன். "அழாதம்மா. உன்னால எனக்கு ஒரு கெடுதலும் வராது. நீ அந்தப் பக்கம் திரும்பி மட்டும் நில்லு."

கடைசியில் மேரி வந்தாள். ஒரு கையில் பரோட்டாப் பொட்டலம், மறு கையில் தண்ணீர் பாட்டில். தெளித்தாள். அவர் ஒரு காலை எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு மறு கால்.

"வீட்ல யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம்மா" என்று என்னிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஊர் போய்ச் சேருவதற்குள், அவரே போகிற வழியெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

நிச்சயமும் நடந்தது, கல்யாணமும் நடந்தது. இன்றைக்கும் அத்தை அவரை ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால், நடு வீட்டில் விறைத்து நின்று, "மருமக போட்ட கட்டு இன்னும் முழுசா எடுபடலடி" என்பார். பிறகு, வந்தவர் போனவரிடமெல்லாம் தோப்புக் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அத்தைக்கு என்மேல் ஒரே ஒரு குறைதான்.

"காலக் கட்டினதுதான் கட்டின, அந்த வாயக் கட்டியிருக்கக் கூடாதா?"