பிரிட்ஜும் பவளமும் என் முதல் வார்த்தையும்

வாயைத் திறக்காமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்குக் கடவுள் எங்கேயாவது ஒரு வாளியை வைத்திருப்பார். எனக்கு வைத்தது நீல வாளி.

எங்கள் வீட்டு வழக்கப்படி மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசமாட்டாள். "சாப்பாடு ஆறுதுன்னு சொல்லும்மா" என்று மகளிடம் சொன்னால் அது மாப்பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மகள் பக்கத்தில் இல்லாவிட்டால் பிரிட்ஜைப் பார்த்துச் சொல்வேன். (என் அம்மா தூணைப் பார்த்துச் சொல்வாள். அடுக்குமாடி வீட்டில் தூணுக்கு எங்கே போவது?) மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸை விட்டுவிட்டுக் குகட்பள்ளியில் மகள் கல்பனா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான் குடும்பம் நடந்தது. மாப்பிள்ளை தங்கமானவர். நான்தான் கூச்சத்துக்கு வாக்கப்பட்டவள்.

அவர் தூத்துக்குடிக்காரர். கடல் இல்லாத ஊருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்ததால், கொஞ்சம் கடலைக் கண்ணாடித் தொட்டியில் கட்டி ஹாலில் வைத்துக்கொண்டார். உப்புத் தண்ணீர், மோட்டார், நீல விளக்கு, ஆரஞ்சு மீன்கள். நடுவில் ஒரு சின்னக் கல்லின் மேல் பவளம். பவளம் என்றால் மாலையில் கோப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது உயிரோடு இருந்தது! சட்டைப் பொத்தான் அளவில் பச்சைப் பூக்கள், ஓரத்தில் மீசை மாதிரி இழைகள். விளக்கைப் போட்டால் மலரும். ஒற்றை மொட்டாக வாங்கி வந்து, கல் முழுக்கப் பரவ வைத்திருந்தார். ஆபீசிலிருந்து வந்ததும் நேராக அதன் முன்னால்தான் உட்காருவார். அப்புறம்தான் முகத்தில் சிரிப்பே வரும்.

கொஞ்ச நாளாகப் பூக்கள் சரியாக மலரவில்லை. பூச்சியாக இருக்குமோ என்று மாப்பிள்ளை மருந்துகூட வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றிருந்தார்.

பூச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா? ஒரு மத்தியானம், எல்லோரும் ஆபீஸ் போன பிறகு, தொட்டிப் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பூ நகர்ந்தது. பூ நகருமா? கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். பூ இல்லை. அதே பச்சை, அதே மாதிரி இழைகளை முதுகில் வைத்துக்கொண்டு, ஓடில்லாத நத்தை! ஒன்றைக் கண்டதும் கண் பழகிவிட்டது. கல் முழுக்க மேய்ந்துகொண்டிருந்தன. பாதிப் பூக்கள் வெறும் காம்பாக நின்றன.

நத்தைக்கு உப்புதானே எமன் என்று கல்லுப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். மூடியைத் திறந்த பிறகுதான், அவை இருப்பதே உப்புத் தண்ணீர் என்று உறைத்தது.

கல்பனாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, நான் மீட்டிங்ல இருக்கேன். அவருக்கே போன் பண்ணி சொல்லு."

"நானா? அவருக்கா? நக்கோடி, வேணாம்!"

"அப்ப நீயும் மீனும் பேசிக்கோங்க" என்று வைத்துவிட்டாள். ஆனாலும் அவருக்குச் செய்தி சொல்லியிருக்கிறாள். உடனே மாப்பிள்ளையிடமிருந்து வீடியோ போன் வந்தது.

"அத்தை, கல்பனா சொன்னா. எல்லாம் தெரியுதா உங்களுக்கு?"

தலையாட்டினேன்.

"அத்தை? லைன்ல இருக்கீங்களா?"

இன்னும் பலமாகத் தலையாட்டினேன்.

"அத்தை, எனக்கு ஃபேன் மட்டும்தான் தெரியுது."

போனை ஸ்டூலில் சாய்த்து வைத்து, நான் தள்ளி நின்றுகொண்டேன். அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். பூவின் சாறு கையில் படக்கூடாதாம். கையுறை போட்டுக்கொண்டேன். நீல வாளியில் தொட்டித் தண்ணீர் மொண்டு, பழுப்பு பாட்டில் மருந்தை மூடியால் அளந்து ஊற்றினேன். கல்லை எடுத்து அதில் இறக்கினேன். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் தண்ணீரை இழுத்துப் பூக்களின் மேல் பீய்ச்சினேன். நத்தைகள் உதிர ஆரம்பித்தன.

"சூப்பர் அத்தை! நான் சொன்னதும் வெளிய எடுத்துருங்க. சீக்கிரம் எடுத்தா பூச்சி சாகாது. லேட்டானா பவளமே செத்துரும். ஐயோ, ஒரு நிமிஷம், கூப்பிடறாங்க."

போன் கட் ஆகிவிட்டது.

இப்போது எடுப்பதா, இன்னும் விடுவதா? பாட்டிலில் எழுதியிருப்பது இங்கிலீஷ். நான் அஞ்சாவதோடு நின்றவள், அதுவும் தமிழில். கல்பனா போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளையை நானாகக் கூப்பிடுவதா? எங்கள் பரம்பரையிலேயே யாரும் செய்யாத காரியம். "அவர் எப்பதான் சொல்வாராம்?" என்று மீனைக் கேட்டேன். அது வாயைத் திறந்து திறந்து மூடியது. (என்னைப் போலத்தான்.)

வாளிக்குள் ஒரு பூ சுருங்கித் தொங்கியது. அப்புறம் இன்னொன்று. அவர் சாயங்காலம் வந்து காலிக் கல்லின் முன்னால் உட்காருவது கண் முன்னால் வந்தது. கையுறையோடு அழுத்தினால் போன் அசையவில்லை. பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு, அவர் கூப்பிட்ட இடத்திலேயே அழுத்தினேன். மணி அடித்தது. எடுத்த சத்தம் கேட்டதுதான் தாமதம், கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினேன்.

"மாப்பிள்ளே! எடுக்கவா வேணாமா? சொல்லித் தொலைங்க!"

கண்ணைத் திறந்தேன். போனில் ஒரு நீள மேஜை. சுற்றிலும் சட்டையும் கோட்டுமாக மனிதர்கள். எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ படம் காட்டுவதற்காக அவர் தன் போனைச் சுவரில் இருந்த பெரிய டிவியோடு இணைத்திருந்தாராம். பதற்றத்தில் என் அழைப்பை எடுத்துவிட்டார். இடுப்பில் செருகிய புடவை, வியர்த்த முகம், ஒரு கையில் மட்டும் ரப்பர் கையுறை. சுவர் முழுக்க நான்!

"எடுங்க அத்தை! எடுத்துருங்க!" என்று மாப்பிள்ளை எழுந்து நின்று அலறினார். பக்கத்திலிருந்தவர்களுக்கு என்ன புரிந்ததோ, அவர்களும் இந்தியில் சேர்ந்துகொண்டார்கள். "நிகாலோ ஆன்ட்டி! ஜல்தி நிகாலோ!"

எடுத்தேன். வேறு டப்பாவில் தொட்டித் தண்ணீர் பிடித்து அலசி, கல்லைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்றைக்கும் அதற்கடுத்த நாட்களிலும் ஒரு பூவும் மலரவில்லை. மாப்பிள்ளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தொண்டையில் சோற்றை இறங்கவிடாமல் செய்தது. திட்டியிருந்தால் நன்றாகச் சாப்பிட்டிருப்பேன். அவர் கூடத்தில் இருக்கும்வரை நான் சமையலறையை விட்டு வருவதில்லை.

ஒரு நாள் காலையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் மாப்பிள்ளை வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. பிரிட்ஜின் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்.

"அத்தைகிட்ட சொல்லு. ஓரத்துல ஒண்ணு திறந்திருக்கு."

புளிக்கையோடு ஓடினேன்.

நத்தை போட்ட முட்டைகளை மருந்து கொல்லாதாம். பொரிக்கப் பொரிக்கத் திரும்பவும் முக்க வேண்டும். அதனால் பல ஞாயிற்றுக்கிழமைகள் நானும் அவரும் நீல வாளியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். முட்டை தேடுவது என் கண், சிரிஞ்சு அவர் கை. கல்லில் முக்கால்வாசி இப்போது மறுபடியும் பச்சை.

அவர் ஆபீசில் இன்றைக்கும் என்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்களாம். நான் போகவில்லை, போகவும் மாட்டேன். வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் சரி, அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, கல்பனா முதலில் கேட்பது "எடுக்கவா வேணாமா?"தான்.

மாப்பிள்ளை மட்டும் அப்படிக் கேலி செய்வதில்லை. நான் பழக்க தோஷத்தில் பிரிட்ஜைப் பார்த்து ஏதாவது முணுமுணுத்தால், கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாகச் சொல்வார்:

"எனக்குக் கேக்கல அத்தை. சத்தமா சொல்லித் தொலைங்க."