எத்தனை மாதத்தில் எடுக்கலாம்?

படிக்கிறவர்கள் ஒரு ரகம், படிக்க வைக்கிறவர்கள் ஒரு ரகம். இந்த இரண்டிலும் சேராமல், யார் வீட்டுப் பிள்ளை எதைப் படித்தாலும் அதில் போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதற்கென்றே பிறந்த மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. உங்களுக்கு அவரைத் தெரியும். உங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டுதான் கணக்குப் போடுவார். பேனா மட்டும் அவருடையது. காகிதம் எப்போதும் உங்களுடையது.

நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று இவரிடம் ஒருவன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். தண்ணீர்ப் பக்கமே போகாமல் இருந்தால் அந்தப் பணம் மிச்சந்தானே என்று கேட்டார். அவன் இன்றுவரை குளிப்பதற்கே யோசிக்கிறான்.

எனக்குத் தெரிந்தவர் ஒரு பெயிண்ட் கடையில் கணக்கெழுதுகிறார். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் கால்குலேட்டர். அவருடைய தங்கை தையல் மிஷினை மிதித்தே தனியாகப் பிள்ளை வளர்த்தவள், அண்ணன் வாயிலிருந்து 'சரி' வராமல் ஒரு குக்கர்கூட வாங்காதவள். அந்தத் தங்கையின் மகள் துணிக்கடை பில் கவுன்டரில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே இருக்கிறாள். அவளுக்கு மெடிக்கல் அசிஸ்டென்ட் சான்றிதழ் படிப்பில் சேர ஆசை. ஒன்பது மாதப் படிப்பு. நோயாளிக்கு எடை பார்க்க, பிரஷர் பார்க்க, ரத்தம் எடுக்க, டாக்டர் பார்ப்பதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைக்கச் சொல்லித் தருவார்கள். இடமும் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் முதல் தவணை கட்டாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். புது மிஷினுக்கென்று அம்மா சேர்த்த பணம் அலமாரியில் இருந்தது. ஆனாலும் மாமா வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மாமா வெள்ளிக்கிழமை காலைதான் வந்தார்.

காகிதம் கேட்டார். கைக்குக் கிடைத்தது கரண்ட் பில். அதன் பின்பக்கத்தில் படிப்புக் கட்டணத்தை எழுதி, அதன் கீழே தேர்வுக் கட்டணம், சீருடை இரண்டு செட், வெள்ளை ஷூ, அந்த ஷூவுக்குப் பாலிஷ், பஸ் செலவு, ஒன்பது மாதம் வராமல் போகிற துணிக்கடைச் சம்பளம் (இது நியாயந்தான், ஒப்புக்கொள்கிறேன்) என்று ஏற்றிக்கொண்டே போய், சீருடை துவைக்கிற சோப்பு வரைக்கும் வந்துதான் பேனாவை நிறுத்தினார். பிறகு வருமானம். இந்த இடத்தில் இவருக்குக் கை இறுகிவிடும். முதல் மூன்று மாதம் சம்பளமே தரமாட்டார்கள் என்று தாமாகவே முடிவு செய்தார். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு அனுப்புவார்களோ மாட்டார்களோ என்று, இன்னும் பார்க்கவே ஆரம்பிக்காத மாப்பிள்ளையின் கணக்கில் கொஞ்சம் கழித்தார். போகப்போக ஆஸ்பத்திரிகளில் மிஷினே ஊசி போட்டுவிடும் என்று மிச்சத்தில் பாதியை அடித்தார்.

"நாலு வருஷம் எட்டு மாசம்," என்றார். "அதுவரைக்கும் இவ உழைக்கிறதெல்லாம் போட்ட காசுக்கே சரியாப் போயிடும்."

சரி, இவர் மகன் என்ன படித்தான் என்று கேட்கிறீர்களா? தூரத்து ஊர், விடுதி, மூன்று வருடம், பெற்றவராலேயே முழுப் பெயரையும் சொல்ல முடியாத ஒரு படிப்பு. இப்போது வீட்டில் உட்கார்ந்து, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். அதற்காக எந்தக் காகிதத்தின் பின்பக்கமும் வீணாகவில்லை. ஆண்பிள்ளை படிப்புக்குப் போய் யாராவது கணக்குப் பார்ப்பார்களா? இந்த இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எரிச்சல்தான் வருகிறது.

வீங்கின கணுக்காலை மற்றொரு காலால் தேய்த்தபடி நின்ற பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் கடையில இப்படியே நின்னுட்டிருந்தா, அத எத்தன மாசத்துல எடுக்கலாம் மாமா?"

"அது வேற கணக்கும்மா," என்று மாமா டீயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அம்மா கரண்ட் பில்லை எடுத்து இரண்டாக மடித்தாள். அதைக் கட்டுவதற்கும் அன்றுதான் கடைசி நாள். கட்டிவிட்டு வருகிறேன் என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள், திரும்பி வரும்போது மதியமாகிவிட்டது. சாப்பாட்டுக்குக் காத்திருந்த அண்ணன் முன்னால் இரண்டு ரசீதுகளை வைத்தாள்.

"பில் கட்டத்தான் போனேண்ணா. இவ படிக்கப்போற இடம் பக்கத்துத் தெருதானே, அதையும் சேத்துக் கட்டிட்டேன்."

மாமா மூன்று மாதம் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. டீத்தூள் மிச்சமானது.

அடுத்த வருடம் அவருக்குத் தலைசுற்றல் வந்தது. கிளினிக்கில் டோக்கன் எடுத்துக் காத்திருந்த அரைமணி நேரத்தில், உட்கார்ந்திருந்த தலைகளை எண்ணி, டாக்டரின் ஒரு நாள் வருமானத்தையும் அதில் கரண்டுக்கும் வாடகைக்கும் போவதையும் கணக்குப் போட்டு முடித்திருந்தார். அவர் பெயரைக் கூப்பிட்டது தெரிந்த குரல். தங்கை மகள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றினாள். ஆமாம், உட்கார்ந்துதான். மாமா அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு வேறு அவசரம்.

"இங்க மாசம் எவ்வளவும்மா தர்றாங்க?"

"பேசாதீங்க மாமா. பேசினா பிரஷர் ஏறும்."

பேசாமல் இருந்தார். பட்டை இறுகித் தளர்ந்தது. அவள் அவருடைய அட்டையில் ஒரு எண்ணை எழுதினாள். எவ்வளவு என்று கண்ணாலேயே கேட்டார். டாக்டர் சொல்லுவார் என்று அட்டையை மூடிவிட்டாள். தம் கண்ணெதிரே எழுதின ஒரு எண் தமக்குத் தெரியாமல் போனது அவர் வாழ்க்கையில் அன்றுதான் முதல்முறை.

நன்றாகச் சிரித்தீர்கள். இருக்கட்டும். அந்தப் படிப்புக்குக் கட்டணம் எவ்வளவு, அவளுக்கு இப்போது சம்பளம் எவ்வளவு என்று நான் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. கவனித்தீர்களா? கவனித்திருப்பீர்கள். முதல் தவணை என்றபோதே எவ்வளவு என்று தேடியிருப்பீர்கள். அது மட்டும் தெரிந்தால், மனத்துக்குள்ளேயே வகுத்துப் பார்த்து, அவள் சேர்ந்தது சரியா தப்பா என்று சொல்லிவிடலாமே என்று இப்போதுகூட ஒரு பரபரப்பு இருக்கிறது, இல்லையா?

உட்காருங்கள். கையை நீட்டுங்கள். பேசாதீர்கள்.