திரும்பி வராதவர்கள் கணக்கு

மண்டபத்தில் நிற்க இடமில்லை. 'இனி சர்க்கரை நோயே கிடையாது' என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். நோய்க்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் இன்னும் போகாமல் இருந்தது.

மேடையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர். 'ஆராய்ச்சி ஐயா' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கக் குணமானவர்களின் படங்கள். அவருடைய மருந்தின் முதல் பாட்டிலை வாங்கிய அன்றே எடுத்தவை என்பதால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படங்களில் பெரிய மீசையோடு அக்காவின் கணவரும் சிரித்தார். போன வருடம் இறந்துபோனவர்.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, பக்கத்தில் இருந்த தங்கையைப் பார்த்தாள். நாளையிலிருந்து இன்சுலினை நிறுத்தப் போவதாகத் தங்கை காலையில்தான் சொல்லியிருந்தாள்.

"நூத்துக்குத் தொண்ணூறு பேர் குணம்னு ஆராய்ச்சி சொல்லுது," என்றார் ஐயா. கைதட்டல்.

"கேட்டியாக்கா? ஆராய்ச்சியாம்."

"அந்த ஆராய்ச்சி யாரைக் கேட்டுச்சுன்னு நானும் கேக்கறேன், இரு." அக்கா எழுந்தாள். "ஐயா, குணமாச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது? ரத்தம் எடுத்துப் பாத்தீங்களா?"

"அம்மா, குணமானவன் எதுக்குத் திரும்பி வரப்போறான்? தொண்ணூறு பேர் ரெண்டாவது பாட்டிலுக்கு வரலை. கணக்கு அவ்வளவுதான்."

அதற்கும் கை தட்டினார்கள். பழக்கதோஷம்.

அக்கா கணவரின் படத்தைக் காட்டினாள். "அந்த மீசைக்காரரும் குணம்தானே?"

"பரிபூரண குணம்."

"அவருக்கு ஒரு ஃபோன் போடுங்களேன். மைக்லயே கேப்போம்."

ஐயாவுக்கு விளம்பரம் என்றால் உயிர். உதவியாளர் எண்ணைத் தேடி அழுத்தி, ஃபோனை மைக்கருகே பிடித்தார். அக்காவின் கைப்பைக்குள் மணி அடித்தது. தூக்கிப்போட மனம் வராமல் அவள் வைத்திருந்த கணவரின் ஃபோன்.

எடுத்தாள். "ஹலோ, அவர் இல்லீங்க. உங்க பாட்டிலை நம்பி இன்சுலினை நிறுத்தினார், செத்துட்டார். அதான் ரெண்டாவது பாட்டிலுக்கு வர முடியலை. மன்னிச்சுக்கோங்க."

மைக்கில் அது இன்னொரு தரம் கேட்டது.

"எங்க மாமா படமும் இருக்கு," என்றார் ஒரு கொத்தனார். "அவரு டயாலிசிஸ்ல கிடக்கறாரு."

ஒரு முதியவர் கூச்சத்தோடு கை தூக்கினார். "எனக்கு நிஜமாவே சர்க்கரை குறைஞ்சுது. ஆனா ஆஸ்பத்திரி மாத்திரையையும் விடலீங்க."

ஐயா பின்வாசலைப் பார்த்தார். அங்கே கொத்தனார் போய் நின்றுகொண்டார்.

"கிளம்புக்கா," என்றாள் தங்கை. "ஊசி போடற நேரமாச்சு."

ஆராய்ச்சி என்று யார் சொன்னாலும் கை தட்டுமுன் கேளுங்கள்: வராதவர்கள் எங்கே? கேட்க வெட்கப்படுகிறவர்களும் கவலைப்பட வேண்டாம். உங்களையும் குணமானவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.